மூன்றாவது தோட்டாவில் கை தூக்கினேன்

பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை காலை, படாளத்தில் நம்முடைய சவுக்குக் கட்டை டிப்போவில், உன் வருங்கால மாமனார் என்னை முதுகில் மூன்று தடவை சுட்டார். மூன்றும் பட்டது. பொம்மைத் துப்பாக்கி, மெத்தென்ற ஆரஞ்சு நிறத் தோட்டா என்பதால் இன்றைக்கு உட்கார்ந்து எழுத முடிகிறது. முதல் இரண்டும் படாத மாதிரி நான் நடித்ததை நீ பார்த்தாய். நீ பார்ப்பதை நானும் பார்த்தேன். அதற்குப் பின்னால் இருக்கிற கதையில் பாதி உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வருகிற வெள்ளிக்கிழமை உனக்குக் கல்யாணம். இந்தப் பக்கத்தில் எத்தனையோ வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் கால் கொடுத்தவன் நான். நம் வாசலுக்கு நல்லதாக ஒரு கால் பொறுக்க அரை நாள் ஆனது. ஒன்று வளைசல், ஒன்றில் கணு, ஒன்று மெலிசு. சாப்பாடு கொண்டுவந்த உன் அம்மா பார்த்துவிட்டு, "இன்னாங்க, கட்டை பாக்கறீங்களா, இன்னொரு மாப்ள பாக்கறீங்களா?" என்றாள். நேரில் பேச உட்கார்ந்தால் எனக்கு இப்படித்தான், எல்லாம் வியாபாரமாகவே வாயில் வரும். எழுதினால் கொஞ்சம் நிதானம் இருக்கும். இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். மாப்பிள்ளை படிக்கட்டும், சிறுசேரியில் உன் ஆபீஸ் கூட்டம் படிக்கட்டும், எனக்கு வெட்கம் இல்லை. வெட்கப்பட வேண்டியதை இதிலேயே எழுதிவிடப் போகிறேன்.

போன வருஷம் மழைக்கு முன்னால், மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலோரமாக ஒரு சவுக்குத் தோப்பைப் பேசி வாங்கினேன் அல்லவா? வெட்டு ஆரம்பித்த இரண்டாம் நாள், வெட்டு மேஸ்திரி ஏழுமலை ஒரு பக்கெட்டோடு வந்து நின்றான். பக்கெட் நிறைய விரல் நீளத்துக்குத் தோட்டாக்கள். சவுக்குச் சருகுக்குள் அங்கங்கே கிடந்ததாம்.

"மொதலாளி, தோப்புல இன்னாமோ கெடக்குது. தோட்டா மாரி கீது. கடிச்சுப் பாத்தா ரப்பர் மாரியும் கீது."

"தோட்டான்னு நெனச்சுமா கடிச்ச?"

"இன்னான்னு தெரிய வேணாமா?"

அதில் ஒன்றைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்து, சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். ஊர் நியாயம் கேட்கிறவன் மாதிரி, "தோப்புக்குள்ள யாரோ இன்னாமோ பண்ணிகினு இருந்துக்கறானுங்க" என்று ஆரம்பித்தேன். நீ அதைக் கையில் எடுத்து, வால் பக்கம் திருப்பிப் பார்த்து, அதில் பேனாவால் போட்டிருந்த பச்சைக் கோட்டைப் பார்த்து, "ஐய்யோ, இது என்னுது!" என்று கத்தினாய். காணாமல் போன கம்மல் கிடைத்த மாதிரி உன் முகம் இருந்தது. அடுத்த நொடியே அந்த முகம் மாறியது. "அப்போ எங்க தோப்ப வெட்டினது நீதானாப்பா?" என்றாய்.

இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபிரெண்ட்ஸோடு பீச்சுக்குப் போகிறேன் என்று நீ சொன்னது பொய்யில்லை. அந்த பீச்சில், அந்தத் தோப்பில், பதினாலு பேர் இரண்டு கட்சியாகப் பிரிந்து பொம்மைத் துப்பாக்கியால் சுட்டுக்கொள்கிறீர்கள் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறாய். நான் சிரித்துவிட்டேன். இருபத்தேழு வயசு, ஆபீஸில் ஒரு கூட்டத்தையே வேலை வாங்குகிறவள், பொம்மைத் துப்பாக்கியா என்றேன். "கிரிக்கெட் ஆடினா ஒத்துக்குவியாப்பா?" என்று கேட்டாய். "கிரிக்கெட்ல ஒரு இது கீது" என்றேன். "இன்னா இது?" என்று நீ திருப்பிக் கேட்டதும், தட்டை இழுத்து வைத்துச் சாப்பிட ஆரம்பித்தேன்.

அன்றைக்கு ஒன்று ஞாபகம் வந்தது, உன்னிடம் சொல்லவில்லை. உனக்கு ஏழு வயசு இருக்கும். செங்கல்பட்டில் திருவிழாக் கடைகளுக்கு நடுவே என் விரலைப் பிடித்து இழுத்து, பொட்டுவெடித் துப்பாக்கி ஒன்றைக் காட்டினாய். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு என்று பக்கத்துக் கடையில் சொப்புச் சாமான் வாங்கினேன். கடைக்காரன் சொன்ன விலையைப் பாதியாக அடித்துக் குறைத்தேன். வீட்டுக்கு வருகிற வரைக்கும் அதே பெருமை எனக்கு. மறுநாள் பார்த்தால், அந்தச் சொப்புகளைச் சுவர் மேல் வரிசையாக நிறுத்தி, ரப்பர் பேண்டால் குறி பார்த்து ஒவ்வொன்றாக வீழ்த்திக்கொண்டிருந்தாய். பேரத்தில் ஜெயித்த சந்தோஷத்தில், வாங்கின சரக்கே தப்பு என்பதை நான் பார்க்கவில்லை. வியாபாரிக்கு இது அடிக்கடி நடக்கும். அப்பனுக்கும் நடக்கும்.

தோப்பை வெட்டினவன்தான் இடம் கொடுக்க வேண்டும் என்றாய். நியாயம்தான். ஞாயிற்றுக்கிழமை டிப்போவுக்கு லாரி வராது. கேட் பக்கம் நாற்காலி போட்டு, டீ கிளாஸோடு உட்கார்ந்து முதல் ஆட்டம் பார்த்தேன். பந்தல் கால், சாரம் கட்டுகிற கால், பேப்பர் மில்லுக்குப் போகிற கட்டை என்று நான் தனித்தனியாக அடுக்கி வைத்திருக்கிற குவியல்களுக்கு நடுவில் உள்ள சந்துகளை, டிப்போ வாங்கின நாளிலிருந்து நான் லாரி திருப்புகிற வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். நீங்கள் அதைக் கோட்டையாகவே ஆக்கிவிட்டீர்கள். கண்ணுக்குக் கண்ணாடி போடாதவனை உன் சிநேகிதி நஸ்ரின் கேட்டுக்குள்ளேயே விடவில்லை, ஓனரான என்னையும் சேர்த்து. நீ ஒரு ஓரத்தில் ஸ்குரூ டிரைவரோடு உட்கார்ந்து துப்பாக்கியைப் பிரித்து, ஸ்பிரிங்கை அழுத்திப் பார்த்து, காதோரம் வைத்துக் கேட்டு, வேறு ஒன்று மாற்றினாய். கட்டையைத் தட்டிச் சத்தம் கேட்டு உள்ளே பொத்தலா என்று சொல்கிறவன் நான். இந்தக் காது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

ஆனால் என்னை அசைத்தது வேறு. உங்கள் ஆட்டத்தில் அம்பயர் கிடையாது. பட்டவன் தானே கையைத் தூக்கி "பட்டுச்சு" என்று சொல்லிவிட்டு வெளியே வர வேண்டும். பேப்பர் மில் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு பையன், யார் கண்ணிலும் படாதவன், கையைத் தூக்கிக்கொண்டு தானாக நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். உன்னிடம் கேட்டேன், "யாரும் பாக்கலையே, அவன் ஏன் வந்தான்?" நீ என்னை ஒரு மாதிரிப் பார்த்து, "அவனுக்குப் பட்டுச்சேப்பா" என்றாய். முப்பது வருஷமாக எடை மேடையில் நிற்கிறேன். ஒரு வண்டி ஈரக் கட்டையாவது, "இது ஈரம், கழிச்சுக்கோ" என்று விற்றவனே சொல்லி நான் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

அப்புறம்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

செய்யூர்க்காரர்கள் உன்னைப் பார்க்க வந்த நாள். கடலை வியாபாரக் குடும்பம், நல்ல பெயர், பையன் தினேஷுக்கும் சென்னையில் வேலை. எல்லாம் கூடி வருகிற நேரத்தில், ஹாலில் நாற்காலிக்குப் பக்கத்தில் உன் பை, உள்ளே துப்பாக்கி தெரிய, திறந்து கிடந்தது. மாப்பிள்ளையின் அம்மா எட்டிப் பார்த்து, "இன்னாம்மா இதெல்லாம்?" என்று கேட்டார். நீ பதில் சொல்ல வாயைத் திறந்தாய். அதற்குள் நான், "சும்மா வெளாட்டுங்க. கல்யாணத்துக்கு அப்பறம் வுட்டுடும். நான் கேரண்டி" என்றேன். உன் மாமனார், "நல்லதாப் போச்சு" என்று தலையாட்டினார். நீ திறந்த வாயை மூடிக்கொண்டாய். சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். நீ மறுநாள் அந்தப் பையை டிப்போ ஆபீஸுக்குக் கொண்டுவந்து என் மேஜைக்கு அடியில் வைத்துவிட்டு, "உன் கேரண்டிப்பா, நீயே வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு பஸ் பிடித்துப் போய்விட்டாய்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டிலேயே இருந்தாய். துணி மடித்தாய், பத்திரிகைக்குப் பேர் எழுதினாய், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாய். வீட்டில் யாரோ விருந்தாளி தங்கியிருக்கிற மாதிரி இருந்தது. நான்காவது வாரம் நஸ்ரின் ஸ்கூட்டியில் டிப்போவுக்கு வந்தாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அங்கிள், கவிதா ஏன் வரலைன்னு நீங்களே சொல்லிடுங்க. அவளைக் கேட்டா வேலைன்னு சொல்றா."

"கல்யாணப் பொண்ணும்மா. அந்த வூட்ல இன்னா நெனப்பாங்க?"

"எங்க வாப்பாவும் இதேதான் சொன்னாரு. 'யாரு நெனப்பா, பேர் சொல்லுங்க'ன்னு கேட்டேன். ஒரு பேர்கூட வரல. நீங்க சொல்லுங்க அங்கிள், யாரு?"

நான் தண்ணீர் கொடுத்தேன். அவள் குடிக்காமலே போய்விட்டாள். மேஜைக்கு அடியில் அந்தப் பை என் காலில் இடித்துக்கொண்டே இருந்தது.

தொழிலுக்கு வந்த புதிதில் நான் பட்ட அவமானம் ஒன்று உண்டு. செய்யூர் பக்கம் ஒரு தோப்பை ஒருவனிடம் பேசி முடித்து, ஆட்களோடு வெட்டப் போனேன். ஒரு பெண் வந்து முதல் மரத்துக்கு முன்னால் நின்றாள். "எங்க அண்ணன் வாய் அவருது, தோப்பு என்னுது. என்னை யாராச்சும் கேட்டீங்களா?" என்றாள். கோடாலியை இறக்கிவிட்டுத் திரும்பினோம். அன்றிலிருந்து எந்தத் தோப்பாக இருந்தாலும், உடையவர் யார் என்று கேட்ட பிறகுதான் மரத்தையே நிமிர்ந்து பார்ப்பேன். அப்படிப்பட்டவன், உன் தோப்பை உன்னைக் கேட்காமல் செய்யூர்க்காரரிடம் பேசி முடித்திருக்கிறேன். அந்த அண்ணன்காரன் வேலையை நானே செய்திருக்கிறேன்.

நிற்கிற மரத்தைப் பேசி வாங்க எங்கள் தொழிலில் எழுத்து கிடையாது, வாய்ச்சொல்தான். அதனால் சொல்லை முறிப்பதற்கும் ஒரு முறை வைத்திருக்கிறோம். முறிக்கிறவன் தானே நேரில் போக வேண்டும். ஆள் அனுப்பக் கூடாது, போனில் சொல்லக் கூடாது. போன வீட்டில் உட்காருவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். அப்புறம் எதிராளி என்ன கண்டிஷன் போடுகிறாரோ அதற்குத் தலையாட்ட வேண்டும். கடலை வியாபாரத்திலும் இதுதான். நஸ்ரின் வந்து போன மறுநாள் காலை உன்னிடமும் அம்மாவிடமும் மதுராந்தகத்தில் வசூல் வேலை என்று சொல்லிவிட்டு, செய்யூருக்குப் போய் நின்றேன்.

"வா சம்பந்தி, உக்காரு."

"உக்கார மாட்டேன். பேச்சை முறிக்க வந்துகிறேன்."

தண்ணீர்ச் சொம்போடு வந்த உன் மாமியார் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே கல்யாணப் பத்திரிகைக் கட்டு பாதி பிரித்தபடி கிடந்தது. "கல்யாணத்தையா அண்ணா?" என்றார்.

"ஐயய்யோ, இல்லம்மா! துப்பாக்கிய!"

சொல்லி முடித்தேன். முழுசாகச் சொன்னேன். என்னுடையது இல்லாததைப் பேசிவிட்டேன், அதை வாபஸ் வாங்குகிறேன், அவள் ஆடுவதும் விடுவதும் அவள் இஷ்டம் என்றேன். உன் மாமியார் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "நான் வுடச் சொல்லியா கேட்டேன்? அது கையால ஸ்பிரிங் எல்லாம் மாத்தி வெச்சிருந்துச்சே, இன்னான்னு தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன். அந்தப் பொண்ணு வாயத் தொறக்கறதுக்குள்ள நீங்க கேரண்டி குடுத்துட்டீங்க" என்றார். கேட்காத சரக்கை விற்றிருக்கிறேன், பார். ஆனால் உன் மாமனார் லேசில் விடவில்லை. "அது சரி. மருமவ துப்பாக்கி தூக்கினு போவுதுன்னு ஊர்ல கேட்டா நான் இன்னா சொல்றது? முறிச்சவன் நீ, கண்டிஷன் என்னுது. மொதல்ல அந்த ஆட்டத்த நான் பாக்கணும். ஆடியும் பாக்கணும். புடிக்கலன்னா பழைய பேச்சே பேச்சு" என்றார். சரி என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

ஆக, போன ஞாயிறு உன்னிடம் பையைக் கொடுத்து, "சம்பந்தி வூட்டுக்காரங்க டிப்போ பாக்க வராங்க, உங்க ஆளுங்களையும் கூப்டு" என்று சொன்னேனே, அது வேடிக்கைக்கு இல்லை. உன் ஆட்டம் நீடிக்குமா என்பதே அன்றைக்கு முடிவாக வேண்டியிருந்தது. உன்னிடம் சொல்லியிருந்தால் நீ பரீட்சை எழுதுகிறவள் மாதிரி ஆடியிருப்பாய். சொல்லாததால்தான் அப்படி ஆடினாய். பையைத் திறந்து அந்தப் பச்சைத் துப்பாக்கியைக் கையில் எடுத்தபோது நீ சிரித்த சிரிப்பை ஒரு மாசம் கழித்துப் பார்த்தேன்.

மாப்பிள்ளை உன் கட்சியில் சேர்ந்து, ஆட்டம் தொடங்கி எண்ணிப் பத்து முடிவதற்குள் அவுட் ஆகி, சந்தோஷமாக என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். உன் மாமியார் புடவையை இழுத்துச் செருகி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பந்தல் கால் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. அந்த வழியாக வந்த நாலு பேரையும் அவுட் ஆக்கினார். "ஆன்ட்டி, நகராம இருக்கறது அநியாயம்!" என்று நஸ்ரின் கத்த, "கடலைக் காட்டுல காக்கா ஓட்டினவ நானு, தெரியும்ல!" என்று பதில் வந்தது. உன் மாமனார் எதிர்க் கட்சி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாரக் கட்டைகளுக்கு நடுவே பூனை மாதிரி வந்தார். நானும் கண்ணாடி மாட்டிக்கொண்டு, உன் கட்சியில் ஆடுகிறவனாக, உன்னைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். முதுகில் டப்பென்று விழுந்தது. திரும்பாமல் நின்றேன். இன்னொன்று. குனிந்து செருப்பைச் சரி செய்கிற மாதிரி செய்தேன். பழக்கம், பாப்பா. எடை மேடையில் பழகினது. அப்போதுதான் நீ எதிர்க் குவியலிலிருந்து என்னைப் பார்த்தாய். கோபமாகப் பார்த்திருந்தால் ஏதாவது சாக்கு சொல்லியிருப்பேன். நான் என்ன செய்யப் போகிறேன் என்று நீ காத்திருந்தாய். மூன்றாவது தோட்டா தோளுக்குக் கீழே பட்டது. கையைத் தூக்கினேன். "பட்டுச்சு" என்றேன். "மூணும் பட்டுச்சு."

உங்கள் கூட்டம் முழுக்க ஓவென்று கத்தியது. உன் மாமனார் துப்பாக்கியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஆடினார். ஏழுமலை கேட்டுக்கு வெளியே நின்று விசில் அடித்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் அப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். உனக்குப் பதிலாக இன்னொருவர் வாய் சொல் கொடுத்தால், அது நானாக இருந்தாலும், மாப்பிள்ளையாக இருந்தாலும், அங்கேயே நிறுத்து. திறந்த வாயை மூடாதே. அன்றைக்கு நீ மூடிக்கொண்டது என் மரியாதைக்காக என்று எனக்குத் தெரியும். அப்படிக் கிடைக்கிற மரியாதை எனக்கு வேண்டாம். மாப்பிள்ளையும் அன்றைக்குப் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அதை அவரிடமே சொன்னேன். "பேசியிருக்கணும் மாமா" என்று ஒத்துக்கொண்டார், கிட்டத்தட்ட கை தூக்கின மாதிரிதான். நல்ல பையன். நீங்கள் இருவரும் சண்டை போடுவீர்கள், போடாதவர்கள் யார்? பட்டால் பட்டுச்சு என்று சொல்லிவிடுங்கள். நான் உன் அம்மாவிடம் இருபத்தொன்பது வருஷமாகக் குனிந்து செருப்பைச் சரி செய்துகொண்டே இருக்கிறேன். அவள் கணக்கில் எத்தனை தோட்டா இருக்கிறதோ, இந்தக் கடிதத்தை முதலில் அவளிடம்தான் படிக்கக் கொடுக்கப் போகிறேன்.

ஆட்டம் முடிந்து நீங்கள் எல்லோரும் குனிந்து தோட்டா பொறுக்கிக்கொண்டிருந்தபோது, நானும் உன் மாமனாரும் கட்டை மேல் உட்கார்ந்து நாஸ்தா சாப்பிட்டோம். அவர் இட்லியைப் பிட்டபடியே கேட்டார்.

"மூணாவதுல கைய தூக்கினியே, யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. எம்பொண்ணு பாத்துச்சு."

இன்னொரு இட்லியை எடுத்தார். "சவுக்கு வியாபாரியவே ஒத்துக்க வெக்கற ஆட்டம்னா, அதை எதுக்குய்யா நிறுத்தணும்?" என்றார். பிறகு கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு கண்டிஷன் போட்டார். வெள்ளிக்கிழமை சீர்வரிசைத் தட்டுகளோடு உன் பையும் மண்டபத்துக்குள் ஒரு தட்டில் வர வேண்டும், துணி போட்டு மூடக் கூடாது, ஊர் கேட்டால் அவரே பதில் சொல்லிக்கொள்வார். மாசத்தில் இரண்டு ஞாயிறு டிப்போ உங்களுக்கு, அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெரிய ஆர்டர் வந்தாலும் லாரி உள்ளே வரக் கூடாது. அவரும் நானும் எப்போதும் எதிரெதிர்க் கட்சி. கடைசியாக ஒன்று சொன்னார், அதை அவர் வாயாலேயே எழுதிவிடுகிறேன்: "மருமவ தொடர்ந்தாப்ல ரெண்டு ஆட்டத்துக்கு வரலன்னா, நீ நேரா எங்க வூட்டுக்கு வந்து ஏன்னு கேக்கணும். நான் பதில் சொல்ற வரைக்கும் நீ உக்காரக் கூடாது."

சரி என்று கை கொடுத்தேன்.

உன் அப்பா